பிடுங்கிய சாமான்களுக்கு ஒரு பை

அம்மாவின் போனில், பெற்றோர் குழுவில் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. வருடக் கடைசி நாளன்று பிள்ளைகள் டீச்சருக்குப் பரிசு கொடுக்கலாம். கடையில் வாங்கியது கூடாது. பிள்ளை தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும். பெற்றோரும் வரலாம்.

அன்று சாயங்காலமே வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

அவள் கணவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. படங்களுக்குச் சட்டம் போடுவான், ஜன்னல் கண்ணாடி அறுப்பான். சாப்பிட்ட கை காய்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான். கடையில் நல்ல துண்டுக் கண்ணாடி ஒன்று சும்மா கிடக்கிறது, ஓரமெல்லாம் தேய்த்து ஒரு சட்டம் போட்டால் டீச்சர் வாயடைத்துப் போவார் என்றான். நாத்தனார் அண்ணன் வீட்டோடு இருப்பவள், அழகு நிலையத்தில் வேலை. சட்டத்தைச் சுற்றி ஜிகினா ஒட்டுவது தன் பொறுப்பு என்றாள். அதற்குள் போனில் பல வீடியோக்களைப் பார்த்து முடித்திருந்தாள். காகிதப் பூ. ஐஸ் குச்சியில் பேனா ஸ்டாண்டு. பாட்டிலுக்குள் வண்ண மணல். எல்லாவற்றிலும் முதலில் ஒரு சின்னக் கை வந்தது. பாதியில் அந்தக் கை பெரிதாகி, நகத்தில் பாலிஷும் ஏறிவிட்டது.

பரிசு கொடுக்க வேண்டியவள் சுவரோரம் உட்கார்ந்து பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. வீட்டில் அவளைக் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பிடித்தால் விடமாட்டாள் என்று அத்தை வைத்த பெயர். முதல் கடி வாங்கியதும் அத்தைதான்.

"நான் பை தைக்கப் போறேன்," என்றாள் கட்டெறும்பு.

என்ன பை என்று அத்தை கேட்டாள்.

"டிராயர் மிஸ்ஸுக்கு. பிடுங்கின சாமானெல்லாம் போட்டு வைக்க."

அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் டிராயர் மிஸ். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அடிக்கமாட்டார், கத்தமாட்டார். பாடம் நடக்கும்போது யார் கையிலாவது எதுவாவது அசைந்தால் பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டுவார். பொருள் கைமாறும். மேசையின் இழுப்பறை திறக்கும், விழுங்கும், மூடும். பந்து, விசில், பம்பரம், சாவி கொடுத்தால் ஓடும் கார், எல்லாம் அதற்குள் போயின. ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

கட்டெறும்பின் பட்டனும் அதற்குள்தான் இருந்தது.

கோட்டில் வைக்கிற பெரிய நீலப் பட்டன் அது. அம்மா வேலை செய்யும் தையல் கம்பெனியில் ஜோடி இல்லாமல் மிஞ்சியது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சூப்பர்வைசர் கொடுத்தார். கட்டெறும்பு அதன் துளைகளில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டாள். நூலின் இரண்டு முனையையும் விரல்களில் மாட்டி, முறுக்கி, இழுத்து விட்டால் பட்டன் விர்ரென்று சுற்றும். அறைக்குள் வண்டு புகுந்த மாதிரி சத்தம் வரும். ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவில் வண்டு புகுந்தது. உள்ளங்கை நீண்டது.

அவள் திருப்பிக் கேட்காமல் இல்லை. வருஷக் கடைசியில் வாங்கிக்கொள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கட்டெறும்புக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. இழுப்பறை திறக்கிற போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காருக்கு அடியில் விசில் மாட்டியிருந்தது. பட்டன் கண்ணிலேயே படவில்லை. அதனால்தான் இந்தப் பை. ஒரு துணியில் நிறைய பாக்கெட் இருக்கும், சாமானுக்கு ஒன்று. சுவரில் மாட்டிவிட்டால் எது எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.

"பிடுங்கறது அவங்க வேலை," என்றாள். "தொலைக்கறது இல்லல்ல?"

கணவன் சிரித்துவிட்டான். நாத்தனார் சிரிக்கவில்லை.

"டீச்சருக்கு கிஃப்ட் குடுடின்னா, டீச்சருக்கே வீட்டுப்பாடம் குடுக்கறா அண்ணி இவ. அடுத்த வருஷமும் இதே மிஸ்தான், ஞாபகம் இருக்கா?"

அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. டீச்சரும் வகுப்போடு சேர்ந்து மேலே போகிறார் என்று அதே செய்தியில் போட்டிருந்தார்கள். இன்னும் ஒரு வருடம் முழுக்க மகள் அவர் கண்ணெதிரில் உட்கார வேண்டும். ஒரு பூப் படம் வரைந்து கொடு, பையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தாள். கட்டெறும்பு பென்சிலைக் கடித்தாள். சரி, தைக்கட்டும் என்று அம்மா விட்டாள். ஊசி இரண்டு தடவை குத்தினால் தானாக எழுந்து வந்துவிடுவாள். சட்டமும் ஒரு பக்கம் தயாராகட்டும், கைவசம் இருக்கட்டும் என்று கணவனிடம் கண்ணைக் காட்டினாள்.

அம்மா அந்தத் தையல் கம்பெனியில் செக்கர். குழல்விளக்குக்குக் கீழே நீள மேசை. தைத்து முடித்த சட்டைகள் வந்து குவியும். அவள் ஒவ்வொன்றாக விரிப்பாள், புரட்டுவாள், கண்ணை ஓரம் விடாமல் ஓட்டுவாள். தையல் விட்டிருக்கிறதா, கோணியிருக்கிறதா. பாக்கெட் அளவில் அரைச் சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டை ஆல்டர் கூடைக்குப் போகும். பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். தொங்குகிற நூலை வெட்ட டிரிம்மர். விரல் நுழைக்க வளையம் இல்லாத குட்டிக் கத்தரி அது. அவள் கையில் ஆறாவது விரல் மாதிரி இருக்கும்.

வேலை முடிந்தாலும் கண் ஓயாது. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலரில் நூல் தொங்கினால் அவளுக்குக் கை பரபரக்கும். பெண் பார்க்க வந்தபோதே இவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பாக்கெட்டைத்தான் பார்த்தாள் என்று கணவன் கடையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். பொய் என்று அவளால் சாதிக்க முடியவில்லை. அன்று அந்தப் பாக்கெட் கோணலாகத்தான் இருந்தது.

கட்டெறும்பு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த சந்தில் உட்கார்ந்து தைத்தாள். பழைய திரைச்சீலையில் பாதி. அம்மா கொண்டுவந்து போட்டிருந்த வெட்டுத் துணிகள். பெரிய ஊசி, தடித்த நூல். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. ஊசி இரண்டு தடவைக்கு மேலேயே குத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் தைத்தாள். பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் சட்டைப் பையில் நூல் துண்டுகள் கொண்டுவந்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, சிலதில் முடிச்சு. எல்லாவற்றையும் ஒரு சோப்பு டப்பாவில் போட்டு வைத்தாள். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. பிள்ளைகள் எதைத்தான் சேர்க்கமாட்டார்கள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் விடுமுறை. கணவன் சட்டத்தை எடுத்துவரக் கடைக்குக் கிளம்பினான். கண்ணாடி அறுக்கிற சத்தம் பிடிக்கும் என்று கட்டெறும்பும் கூடப் போனாள். நாத்தனார் வேலைக்குப் போயிருந்தாள். அம்மா அறையைப் பெருக்க வந்தாள். தலையணைக்கு அடியில் திரைச்சீலையின் ஓரம் தெரிந்தது.

சும்மா பார்க்கலாம் என்றுதான் எடுத்தாள்.

பாக்கெட்டுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று தொப்பை போட்டிருந்தது. ஒன்று விரல் அகலம்கூட இல்லை. ஒன்று மற்றதைவிடக் கீழே இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தையல் காக்கை நடந்த மாதிரி போயிருந்தது. நாளைக்கு இது வகுப்பில் விரியும். மற்ற அம்மாக்கள் பார்ப்பார்கள். செக்கர் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியும்.

அளவு நாடாவையும் சும்மாதான் எடுத்தாள். அளந்து பார்த்ததில் ஒரு அளவும் இன்னொரு அளவோடு ஒத்துப்போகவில்லை. கீழே இறங்கிச் சாய்ந்திருந்த ஒன்றை மட்டும் நேராக்கிவிடலாம் என்று பிரித்தாள். அது நேரானதும் பக்கத்தில் இருந்தது இன்னும் கோணலாகத் தெரிந்தது. அதையும் பிரித்தாள். பிறகு அவள் எதையும் யோசிக்கவில்லை. எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவாக வெட்டினாள். பிள்ளை தைத்த அதே நூலால், இறுக்கமான சின்னத் தையலாக, வரிசை பிசகாமல் தைத்தாள். தொங்கிய நூலெல்லாம் டிரிம்மருக்குப் போனது. தரையில் கிடந்த நூல் குப்பையோடு டப்பாவில் இருந்ததையும் கொட்டினாள். டப்பாவைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தாள். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு குறை சொல்ல முடியாது.

எல்லாம் கை செய்தது. செய்து முடித்த பிறகுதான் தலை வந்து எட்டிப் பார்த்தது. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மடித்துத் தலையணைக்கு அடியிலேயே வைத்துவிட்டாள்.

கட்டெறும்பு அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. அம்மா போய்ப் பார்த்தாள்.

பை கட்டிலில் விரித்திருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அம்மாவின் கைப்பை திறந்து கிடந்தது, அம்பு ஸ்டிக்கர் சுருள் அதிலிருந்து வெளியே தொங்கியது. கட்டெறும்பு பக்கத்தில் கைகட்டி நின்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நிற்கிற மாதிரி.

அம்மா எத்தனையோ பேர் தையலுக்கு அம்பு ஒட்டியிருக்கிறாள். அவள் தையலுக்கு யாரும் ஒட்டியதில்லை.

"என்னடி இது?"

"ஆல்டர்."

"எல்லாம் நேராத்தானே இருக்கு."

"பந்து எங்க போகும்?"

அம்மாவுக்குப் புரியவில்லை. கட்டெறும்பு இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள். பந்து இவ்வளவு. இந்தப் பாக்கெட்டில் அது நுழையாது. விசில் இவ்வளவுதான். இதில் போட்டால் அடியில் போய் விழுந்துவிடும், எடுக்க வராது. பம்பரத்துக்கு ஆணி இருக்கிறது, அதற்கு இரண்டு மடிப்புத் துணி வைத்திருந்தாள், அதை யார் எடுத்தது? கார் படுத்துக்கொள்ளாது, நிற்கும். அதற்குத்தான் அந்தப் பாக்கெட் கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொரு சாமானின் சொந்தக்காரரிடமும் கேட்டுக் கேட்டு, அவர்கள் கையால் காட்டியதை நூலால் அளவு எடுத்துவந்திருந்தாள்.

"என் நூலெல்லாம் எங்க?"

அம்மா அலமாரியைப் பார்த்தாள்.

"சோப்பு டப்பா?"

"கழுவி வெச்சுட்டேன்."

கட்டெறும்பு அழவில்லை. அழுதிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். குடு, நானே பிரித்துப் பழையபடி தைத்துத் தருகிறேன் என்று அம்மா கையை நீட்டினாள்.

"நீ தொடாதே."

"நாளைக்கு ஸ்கூல்டி. தனியா முடியாது உன்னால."

"முடியாட்டி, முடியாமலே குடுப்பேன்."

அம்மா டிரிம்மரைத் தரையில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள். கட்டெறும்பு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அவள் ஏற்றுக்கொண்ட உதவி அது ஒன்றுதான்.

நல்ல தையலைப் பிரிப்பது லேசான வேலை இல்லை. கோணல் தையல் இழுத்தால் வந்துவிடும். இதில் ஒவ்வொரு கண்ணியாக வெட்ட வேண்டியிருந்தது. எதுக்கு இவ்வளவு இறுக்கமாகத் தைத்தாய் என்று கட்டெறும்பு முனகினாள். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அவை போய்விடும்.

வெட்டிய துணி வளராது. கட்டெறும்பு பந்துப் பாக்கெட்டுக்கு வேறொரு நிறத் துண்டை ஒட்டுப் போட்டாள். அளவுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள், பந்தைப் பிடிக்கிற மாதிரி விரல்களைக் குவித்தாள், அப்படியே துணிமேல் வைத்தாள். விசிலுக்கு ஒரு விரல். காருக்கு உள்ளங்கை. கணவன் அறை வாசலில் வந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா தலையை ஆட்டியதும் போய்விட்டான்.

ஒரு பாக்கெட் பாக்கி இருக்கும்போது கட்டெறும்பு துணிமேலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். அதன் ஒரு பக்க ஓரம் தைக்காமல் நின்றது. ஊசி நூலில் தொங்கியது. அம்மா பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். மிச்சத்தைத் தைக்கவில்லை.

காலையில் நாத்தனார் பையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், நெற்றியில் கை வைத்தாள். சட்டம் செய்தித்தாளில் சுற்றித் தயாராக இருந்தது. தேய்த்த கண்ணாடி, சுற்றிலும் ஜிகினா, உள்ளே காகிதப் பூ. அதை அண்ணியின் கைப்பைக்குள் திணித்தாள்.

"எதுக்கும் இருக்கட்டும் அண்ணி. மிஸ் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சுன்னா டக்குனு எடுத்து நீட்டிடுங்க. அவளே செஞ்சான்னு சொல்லுங்க, யார் வந்து பார்த்தா."

வகுப்பில் பெற்றோர் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுவரோரம் இடம் பிடித்தாள். முன்னால் டீச்சர் மேசை. பக்கத்தில் இன்னொரு மேசையில் பரிசுகள் சேர ஆரம்பித்தன. சுவிட்சைத் தட்டினால் சுற்றுகிற காற்றாலை, அதில் விளக்கு வேறு எரிந்தது. மெருகேற்றிய மண் ஜாடி. மரத்தில் செதுக்கிய கடிகாரம், நேரமும் சரியாகக் காட்டியது. டீச்சர் ஒவ்வொருவரிடமும் எப்படிச் செய்தாய் என்று கேட்டார். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் இருந்த அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாக்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.

கடிகாரம் கொண்டுவந்த பையனிடம் முள்ளை எப்படி வைத்தாய் என்று கேட்டார்.

"எனக்குக் காட்டல மிஸ்," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கட்டெறும்பின் முறை வந்தது.

அவள் பையை மேசைமேல் விரித்தாள். காற்றாலைக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் அது கிழிந்த கொடி மாதிரி கிடந்தது. துணியில் குத்தியிருந்த ஊசி நழுவி, மேசை ஓரத்தில் தொங்கி ஆடியது.

"என்னம்மா இது?"

"பை மிஸ். நீங்க எங்ககிட்டேருந்து பிடுங்கற சாமானுக்கு."

பிள்ளைகள் பக்கம் ஒரு கிளுகிளுப்பு ஓடி நின்றது. டீச்சரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண்ணிலிருந்து போய்விட்டது. கொழுப்பைப் பாரேன் என்று பின் பெஞ்சில் ஒருவர் முணுமுணுத்தார்.

டீச்சர் நிமிர்ந்து சுவரோரம் பார்த்தார். "இப்படிக் குடுன்னு யார் சொல்லிக் குடுத்தா?"

கேள்வி கட்டெறும்புக்கு இல்லை. அம்மாவின் கை கைப்பைக்குள் இருந்தது. செய்தித்தாளின் மேல் சட்டத்தின் மூலை தட்டுப்பட்டது. எழுந்து, விளையாட்டுக்குச் செய்தாள் மிஸ், நிஜப் பரிசு இதுதான் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த வருடம் சிக்கல் இல்லாமல் போகும். மகள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அம்மா என்ன செய்வாள் என்று அந்த முதுகுக்குத் தெரிந்திருந்தது. நேற்றுதானே செய்தாள்.

அம்மா கையை வெளியே எடுத்தாள்.

"யாரும் சொல்லிக் குடுக்கல மிஸ். அவளா தெச்சா. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"நீங்க ஒண்ணுமே ஹெல்ப் பண்ணலையா?"

"பண்ணாங்க மிஸ்," என்றாள் கட்டெறும்பு. "பிரிச்சுட்டேன்."

இந்தத் தடவை பெரியவர்களும் சிரித்தார்கள். அம்மாவுக்குக் காது சுட்டது.

"ஆமா மிஸ்," என்றாள். "நான் கைவெச்சுக் கெடுத்துட்டேன். இது அவளோடது."

கட்டெறும்பு இப்போது திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, வருஷக் கடைசி இன்றைக்குத்தான், டிராயரைத் திறங்க மிஸ் என்றாள். கெஞ்சுகிற குரல் இல்லை அது.

வகுப்பே இழுப்பறையைப் பார்த்தது. டீச்சர் கொஞ்சம் நின்றார். பெற்றோர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியை இழுத்தார். உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டு வரவில்லை. மறுபடி பலமாக இழுத்ததும் மொத்தமும் கலகலவென்று வெளியே வந்தது.

கட்டெறும்பு ஒவ்வொன்றாக எடுத்தாள். பந்து தொப்பைப் பாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. விசில் விரல் பாக்கெட்டில் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. பம்பரத்தின் ஆணி இரண்டு மடிப்புத் துணியைக் குத்தவில்லை. காரை வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தாள். கார் நின்றது. பெஞ்சிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்துவிட்டார்கள். என்னுது, அது என்னுது என்று குரல்கள் எழுந்தன. டீச்சர் அடக்கவில்லை. வந்தவர்கள் தங்கள் சாமானைத் தங்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் ஊசி தொங்கிய பாக்கெட் மட்டும் இருந்தது. அவளுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

அவள் இழுப்பறைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பென்சில் சீவல் வந்தது. டீச்சரும் துழாவினார். பிறகு இழுப்பறையை மொத்தமாக உருவி மேசைமேல் கவிழ்த்தார். ஒரு கிளிப், ஒரு மூடி, சாக்பீஸ் தூள். நீலமாக எதுவும் இல்லை.

டீச்சர் தூளைக் கையால் தள்ளிப் பார்த்தார். தள்ளிய இடத்தையே திரும்பத் தள்ளினார்.

"ஒருநாள் நிரம்பி வழியுதுன்னு கொஞ்சத்தை எடுத்துக் கொட்டினேன்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அதுல போயிருக்கும்மா. என் தப்புதான். பெரிய பட்டனா நான் வாங்கித் தரேன்."

"வேணாம் மிஸ்."

"நீலத்துலயே வாங்கறேன்."

"வேணாம் மிஸ்."

கட்டெறும்பு டீச்சரின் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் ஏறி உட்கார்ந்தாள். பையை மடியில் இழுத்துக்கொண்டு ஊசியைப் பிடித்தாள். தைக்காமல் நின்ற பக்க ஓரத்தை முடித்தாள். முடித்தவள் நிறுத்தவில்லை. அப்படியே திருப்பி, பாக்கெட்டின் வாயைத் தைக்க ஆரம்பித்தாள்.

ஏன் மூடுகிறாய் என்று டீச்சர் கேட்டார்.

"இதுல வேற எதையும் போடக் கூடாது."

"வெறும் பாக்கெட் எதுக்கும்மா? வேணும்னா அதை மட்டும் வெட்டி எடுத்துடலாமே."

"இருக்கட்டும் மிஸ். நீங்க பார்க்கறப்பல்லாம் தெரியணும்."

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். இந்தத் தடவை அது கேள்வி இல்லை. பெரியவர்கள் பெரியவர்களிடம் கேட்கிற உதவி. ஒரு வார்த்தை அதட்டினால் போதும். அம்மாவுக்கு அந்தப் பார்வை நன்றாகவே புரிந்தது.

"அவ தெச்சது மிஸ்," என்றாள். "அவ சொல்றதுதான்."

தையல் கோணிக் கோணிப் போனது. எல்லோரும் அது முடிகிறவரை காத்திருந்தார்கள். நூல் வெட்டக் கத்தரி யாரிடமாவது இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். டிரிம்மர் அம்மாவின் கைப்பையில்தான் இருந்தது. அவள் அசையவில்லை. கட்டெறும்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் காலண்டர் தொங்கிய ஆணி இருந்தது. டீச்சர் காலண்டரைக் கழற்றினார். பையை அவரே மாட்டினார். ஒரு பக்கம் இறங்கி நின்றது. தள்ளி நின்று பார்த்தார், நேராக்கக் கையைக் கொண்டுபோனார், பிறகு கையை இறக்கிவிட்டார். திறந்த வாய்கள் நடுவில் ஒன்று மட்டும் மூடியிருந்தது. அறையின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் முதலில் அதுதான் தெரிந்தது.

தெருவில் அம்மாவும் மகளும் நடந்தார்கள். சட்டத்தின் மூலை கைப்பைக்குள்ளிருந்து அம்மாவின் விலாவில் இடித்தது. அதை வீட்டில் அத்தை படத்துக்கே மாட்டிவிடலாம் என்றாள் அம்மா. அத்தை ஜிகினாவுக்கு நடுவில் நன்றாக இருப்பாள் என்றாள் மகள்.

"அம்மா, உங்க கம்பெனில கோட்டுப் பட்டன் இருக்கா?"

"கேட்டுப் பார்க்கறேன். எதுக்கு?"

"பெருசா வேணும். சத்தம் நல்லா வரணும்."

"மிஸ் திரும்பப் பிடுங்குவாங்கடி."

"பிடுங்கட்டும்," என்றாள் கட்டெறும்பு. "இன்னொரு பாக்கெட் தெச்சுட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன்."